பிரீ-வொர்க்அவுட் பொடி உடல் எடையையும் தசையையும் கூட்டுமா? முழு விளக்கம்

புது தில்லி: உடற்பயிற்சிக்குச் சற்று முன்பு தண்ணீரில் கலந்து அருந்தப்படும் 'பிரீ-வொர்க்அவுட்' பொடிகள் உடல் எடையை நேரடியாகக் கூட்டுவதில்லை. அவை தசையை நேரடியாக வளர்ப்பதும் இல்லை. பயிற்சியின்போது களைப்பைத் தாமதப்படுத்தி, இன்னும் சில முறை எடை தூக்க உதவுவதே அவற்றின் முதன்மைப் பணி. அந்தக் கூடுதல் உழைப்பு தசையாக மாறுவதற்குப் போதிய உணவு, புரதம், தூக்கம் ஆகிய மூன்றும் தேவை. இவற்றில் ஒன்று குறைந்தாலும் பொடிக்குச் செலவிட்ட பணத்தால் பெரிய பயன் இராது.

நாட்டில் இந்தக் கேள்வி எழுவதற்குப் போதிய காரணம் உண்டு. 2019-21ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான ஆண்களில் 16.2 சதவீதத்தினரும் பெண்களில் 18.7 சதவீதத்தினரும் உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள். அதாவது அவர்களது உடல் நிறை குறியீட்டெண் 18.5-க்கும் கீழ் உள்ளது. மெலிந்த உடலுடன் ஜிம்முக்குச் செல்லத் தொடங்கும் இளைஞர் பலருக்கு முதல் வாரத்திலேயே ஏதேனும் ஒரு பொடி பரிந்துரைக்கப்படுகிறது. அந்தப் பொடியில் என்ன உள்ளது, அது உடலில் என்ன செய்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பொடியில் என்ன இருக்கிறது?

பிரீ-வொர்க்அவுட் என்பது தனியொரு பொருளன்று. பல பொருள்களின் கலவை. காஃபீன், பீட்டா-அலனின், சிட்ருலின், கிரியேட்டின், டாரின், டைரோசின், பி வகை வைட்டமின்கள், செயற்கை இனிப்பூட்டிகள் ஆகியவை பெரும்பாலும் இடம்பெறுகின்றன. எது எவ்வளவு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும்.

சந்தையில் அதிகம் விற்கும் 100 பொடிகளின் விவரங்களைத் தொகுத்து, 'நியூட்ரியன்ட்ஸ்' ஆய்விதழில் 2019இல் ஒரு கட்டுரை வெளியானது. அதன்படி, ஒரு வேளைக்கான அளவில் சராசரியாக 254 மில்லிகிராம் காஃபீன் இருந்தது. பீட்டா-அலனின் சராசரி 2 கிராம். கிரியேட்டின் ஏறக்குறைய பாதிப் பொடிகளில்தான் இருந்தது. இருந்தவற்றிலும் அதன் சராசரி அளவு 2 கிராமை ஒட்டியே இருந்தது. கலவையில் சேர்க்கப்பட்டிருந்த பொருள்களில் பாதியை நெருங்கும் பங்குக்கு, எவ்வளவு சேர்க்கப்பட்டுள்ளது என்ற அளவே அட்டையில் தனியாகக் குறிப்பிடப்படவில்லை. 'நிறுவனத்தின் தனிக் கலவை' என்ற பெயரில் மொத்த எடை மட்டுமே தரப்பட்டிருந்தது.

காஃபீன்: உற்சாகத்தின் மூலம்

பொடியை அருந்திய அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் உணரப்படும் சுறுசுறுப்புக்குப் பெரும்பாலும் காஃபீனே காரணம். மூளையில் களைப்பு உணர்வைத் தூண்டும் அடினோசின் என்ற வேதிப்பொருளின் செயலை அது தடுக்கிறது. இதனால் அதே எடை சற்று இலகுவாகத் தோன்றுகிறது.

உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம் வரை காஃபீன் எடுத்துக்கொள்வது பயிற்சித் திறனைச் சற்று உயர்த்துவதாகப் பன்னாட்டு விளையாட்டு ஊட்டச்சத்துச் சங்கம் 2021இல் வெளியிட்ட நிலைப்பாட்டு அறிக்கை கூறுகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது 180 மில்லிகிராமில் தொடங்குகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் (ஐசிஎம்ஆர்) ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இணைந்து 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்களின்படி, 150 மில்லிலிட்டர் வடிகாபியில் 80 முதல் 120 மில்லிகிராம் காஃபீனும், இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65 மில்லிகிராமும், தேநீரில் 30 முதல் 65 மில்லிகிராமும் உள்ளன. எனவே, பொடி தரும் உற்சாகத்தின் பெரும்பகுதியை இரண்டு கோப்பை வடிகாபியே தந்துவிடும்.

அதே வழிகாட்டுதல்கள் நாளொன்றுக்கான காஃபீன் வரம்பை 300 மில்லிகிராம் என்று வரையறுக்கின்றன. 254 மில்லிகிராம் காஃபீன் உள்ள பொடியை ஒரு வேளை அருந்தும் ஒருவர், அன்று இரண்டு கோப்பைத் தேநீரும் குடித்தால் வரம்பைக் கடந்துவிடுவார்.

பீட்டா-அலனின், சிட்ருலின்: அரிப்பும் புடைப்பும்

பொடி அருந்தியபின் முகத்திலும் கைகளிலும் எறும்பு ஊர்வதுபோன்ற உணர்வு தோன்றுவது பலருக்கு நேரும் அனுபவம். இதற்குக் காரணம் பீட்டா-அலனின். இது பொதுவாகச் சிறிது நேரத்தில் மறையும், தீங்கற்ற விளைவு. ஆனால், 'பொடி வேலை செய்கிறது' என்பதற்கான அடையாளமாக இதைக் கருத முடியாது. பீட்டா-அலனின் நாள்தோறும் 4 முதல் 6 கிராம் வீதம் குறைந்தது 2 முதல் 4 வாரங்கள் எடுத்துக்கொண்டால்தான் தசையில் கார்னோசின் என்ற பொருளின் அளவு உயரும். அதன் பயனும் ஒரு நிமிடம் முதல் நான்கு நிமிடங்கள் வரை நீடிக்கும் கடும் உழைப்பில்தான் தெளிவாகத் தெரிகிறது. ஜிம்முக்குச் செல்லும் நாள்களில் மட்டும் 2 கிராம் எடுத்துக்கொள்வோருக்கு அரிப்பு உறுதி, பயன் உறுதியன்று.

சிட்ருலின் உடலில் அர்ஜினினாக மாறி, நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியைக் கூட்டி, இரத்தக் குழாய்களை விரிவடையச் செய்கிறது. பயிற்சியின்போது தசை புடைத்துத் தெரிவதை, அதாவது ஜிம் வழக்கில் 'பம்ப்' எனப்படுவதை, இது சற்று அதிகரிக்கக்கூடும். அந்தப் புடைப்பு தசைக்குள் தற்காலிகமாகத் தேங்கும் இரத்தமும் நீரும்தான்; புதிய தசை அன்று. கண்ணாடி முன் தெரியும் அந்த மாற்றம் சில மணி நேரத்தில் இயல்புக்குத் திரும்பிவிடும்.

எடையைக் கூட்டும் ஒரே பொருள்

பொடியில் உள்ளவற்றுள் உடல் எடையையும் தசையையும் உண்மையில் கூட்டக்கூடியது என்று வலுவான சான்றுகள் உள்ள பொருள் கிரியேட்டின் மட்டுமே. இது உடலே உற்பத்தி செய்துகொள்வது. இறைச்சி, மீன் ஆகியவற்றிலும் உள்ளது. குறுகிய நேரக் கடும் உழைப்புக்குத் தேவையான ஆற்றலைத் தசைக்கு விரைந்து மீட்டுத் தருவது இதன் பணி. தாவர உணவு மட்டும் உண்போரின் தசைகளில் கிரியேட்டின் இருப்பு பொதுவாகக் குறைவு என்பதால், அவர்களுக்கு இதனால் கிடைக்கும் மாற்றம் கூடுதலாக இருக்கலாம்.

நாள்தோறும் 3 முதல் 5 கிராம் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் போதுமானது. தொடக்கத்தில் நாளொன்றுக்கு 20 கிராம் வீதம் ஐந்து முதல் ஏழு நாள்கள் எடுத்துக்கொள்வோருக்கு முதல் வாரத்திலேயே ஒரு கிலோ அளவுக்கு எடை கூடக்கூடும். இது பெரும்பாலும் தசைக்குள் சேரும் நீரின் எடை. வாரக்கணக்கில் பயிற்சியைத் தொடர்ந்தால்தான் உண்மையான தசை வளர்ச்சி அதனுடன் சேரும்.

கிரியேட்டின் வேலை செய்வது, தசையில் அதன் இருப்பு நிரம்பியிருப்பதால். பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்பு எடுத்துக்கொள்வதால் அன்று. பயிற்சி இல்லாத நாள்களிலும் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். பிரீ-வொர்க்அவுட் பொடியை ஒருவர் வாரத்துக்கு நான்கு நாள்கள் அருந்துகிறார் என்றும், ஒவ்வொரு வேளையிலும் 2 கிராம் கிரியேட்டின் உள்ளது என்றும் வைத்துக்கொண்டால், அவருக்கு வாரத்தில் கிடைப்பது 8 கிராம். தேவைப்படுவதோ 21 முதல் 35 கிராம். இந்தக் குறையை ஈடுகட்ட பொடியை இரட்டிப்பாக்கினால் காஃபீனும் இரட்டிப்பாகும். எனவே, கிரியேட்டின் வேண்டும் என்று கருதுவோர் அதைத் தனியாக வாங்குவதே பாதுகாப்பானது.

கிரியேட்டின் எடுத்துக்கொள்வோரின் இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் அளவு சற்று உயர்ந்து காட்டக்கூடும். சிறுநீரகக் கோளாறு என்று அது தவறாகக் கருதப்படாமல் இருக்க, பரிசோதனைக்கு முன்பே மருத்துவரிடம் தெரிவித்துவிட வேண்டும். ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரின் ஆலோசனையின்றி இதைத் தொடக்கூடாது.

ஆய்வுகள் கூறுவது என்ன?

கலவைப் பொடிகளால் பயனே இல்லை என்று கூறுவதும் சரியாகாது. பன்னாட்டு விளையாட்டு ஊட்டச்சத்துச் சங்கத்தின் ஆய்விதழ் 2018இல் வெளியிட்ட திறனாய்வுக் கட்டுரை ஒன்று, இப்பொடிகள் பயிற்சியின்போது தசையின் தாங்குதிறனையும் உற்சாகத்தையும் மேம்படுத்தக்கூடும் என்று கூறுகிறது. எடைப் பயிற்சியுடன் தொடர்ந்து பயன்படுத்தும்போது, கொழுப்பு நீங்கிய உடல் எடை கூடவும் அவை துணைபுரியலாம் என்றும் தெரிவிக்கிறது. ஆனால், இத்துறையின் பெரும்பாலான ஆய்வுகள் சில வாரங்கள் மட்டுமே நீடித்தவை என்பதையும் அது சுட்டிக்காட்டுகிறது. பல ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்துவோருக்கு அந்த முடிவுகளை அப்படியே பொருத்திப் பார்க்க இயலாது.

எடை கூடாமல் போவது ஏன்?

எடை கூடுவதற்கு, உடல் செலவிடும் கலோரியைவிட உண்ணும் கலோரி அதிகமாக இருக்க வேண்டும். நாளொன்றுக்கு 300 முதல் 500 கலோரி வரை கூடுதலாக உண்பது பொதுவான அளவு. பிரீ-வொர்க்அவுட் பொடியின் ஒரு வேளையில் பெரும்பாலும் 50 கலோரிகூட இருப்பதில்லை. ஒரு பெரிய வாழைப்பழம் தரும் ஆற்றலைவிட இது மிகக் குறைவு.

'மாஸ் கெயினர்' என்ற பெயரில் விற்கப்படுவது வேறு வகைப் பொடி. அதில் மால்டோடெக்ஸ்ட்ரின் போன்ற மாவுச்சத்தும் ஓரளவு புரதமும் இருப்பதால் ஒரு வேளைக்குப் பல நூறு கலோரி கிடைக்கும். அதனால் எடை கூடும் என்பது உண்மை. எனினும், புரதம் குறைந்து மாவுச்சத்து மிகுந்திருக்கும்போது கூடுவது கொழுப்பாகவும் இருக்கலாம். கடைகளில் இவ்விரண்டும் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பதால் ஒன்றுக்கு மற்றொன்றை வாங்கிச் செல்வோர் உண்டு.

எடை கூட விரும்புவோருக்கு மற்றுமொரு சிக்கல் தூக்கம். காஃபீனின் பாதி உடலிலிருந்து வெளியேறச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். வேலை முடிந்து மாலை 7 மணிக்கு 254 மில்லிகிராம் காஃபீன் உள்ள பொடியை அருந்துபவரின் உடலில் நள்ளிரவிலும் சுமார் 127 மில்லிகிராம் எஞ்சியிருக்கும். ஒரு கோப்பை வடிகாபி குடித்துவிட்டுப் படுப்பதற்கு இது சமம். படுக்கைக்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபீன் எடுத்துக்கொண்டாலும் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைவதாக 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று கண்டறிந்தது. பயிற்சியால் களைத்த தசை மீள்வதற்கு நல்ல தூக்கம் இன்றியமையாதது. காஃபீன் சிலருக்குப் பசியையும் மந்தப்படுத்தும். ஏற்கெனவே குறைவாக உண்ணும் மெலிந்த உடலினருக்கு இது எதிர்விளைவாகவே அமையும்.

தசை வளரத் தேவையான புரதம் எவ்வளவு?

ஐசிஎம்ஆர் பரிந்துரையின்படி, சராசரி இந்தியருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது ஏறக்குறைய 50 கிராம். எடைப் பயிற்சி செய்வோருக்குத் தேவை இதைவிட அதிகம். 49 ஆய்வுகளையும் 1,863 பங்கேற்பாளர்களையும் ஒருசேரப் பகுத்தாய்ந்து, 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின்' இதழில் 2018இல் வெளியான கட்டுரை, கிலோவுக்குச் சுமார் 1.6 கிராமுக்கு மேல் புரதம் உண்பதால் கூடுதல் தசை வளர்ச்சி கிடைப்பதில்லை என்று கண்டறிந்தது. புரதத் துணை உணவால் கிடைத்த கூடுதல் பலன் சராசரியாக 300 கிராம் தசை எடை மட்டுமே. ஐசிஎம்ஆர் வழிகாட்டுதல்களும் இதே 1.6 கிராம் வரம்பைக் குறிப்பிட்டு, உடல் எடையைக் கூட்டுவதற்காகப் புரதப் பொடிகளை நாடுவதைத் தவிர்க்குமாறு அறிவுறுத்துகின்றன.

60 கிலோ எடையுள்ளவருக்கு 1.6 கிராம் வீதம் கணக்கிட்டால் 96 கிராம். இதை அன்றாட உணவிலேயே பெற முடியும். நான்கு முட்டைகளில் 24 கிராம், அரை லிட்டர் பாலில் 16 கிராம், 30 கிராம் சோயா உருண்டையில் 15 கிராம், 50 கிராம் வேர்க்கடலையில் 12 கிராம், 60 கிராம் பருப்பில் 14 கிராம் எனக் கூட்டினால் 81 கிராம் வருகிறது. சோறு, சப்பாத்தி ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் 20 கிராமுக்கும் மேற்பட்ட புரதத்தைச் சேர்த்தால் தேவை நிறைவடைகிறது. முட்டை உண்ணாதவர்கள் 100 கிராம் பன்னீரும் ஒரு கிண்ணம் தயிரும் சேர்த்துக்கொள்ளலாம். பீகாரிலும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் உழைப்பாளிகள் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் வறுத்த கொண்டைக்கடலை மாவும், வட மாநில மல்யுத்தக் கூடங்களில் வழங்கப்படும் பாலும் பாதாமும் இதே தேவையைத்தான் நிறைவு செய்கின்றன.

போலிகளும் கலப்படமும்

அட்டையில் எழுதியிருப்பதுதான் டப்பாவில் உள்ளதா என்பது அடுத்த கேள்வி. இந்தியாவில் விற்கப்படும் 36 புரதப் பொடிகளைப் பரிசோதித்து, 'மெடிசின்' ஆய்விதழில் 2024இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய 70 சதவீதப் பொடிகளில் புரத அளவு தவறாகக் குறிப்பிடப்பட்டிருந்தது தெரியவந்தது. சிலவற்றில் அட்டையில் கூறப்பட்டதில் பாதியளவே இருந்தது. 14 சதவீத மாதிரிகளில் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நச்சும், 8 சதவீதத்தில் பூச்சிக்கொல்லி எச்சமும் காணப்பட்டன. அந்த ஆய்வு பிரீ-வொர்க்அவுட் பொடிகளைப் பற்றியதன்று. எனினும் இரண்டும் ஒரே கடைகளில், ஒரே சந்தையில் விற்கப்படுபவை.

விளையாட்டு வீரர்களுக்கு இதில் ஆபத்து இன்னும் கூடுதல். 'டிஎம்ஏஏ' என்றும் மெத்தில்ஹெக்ஸனமைன் என்றும் அழைக்கப்படும் ஊக்கப்பொருள் ஒருகாலத்தில் இத்தகைய பொடிகளில் பரவலாகச் சேர்க்கப்பட்டது. இரத்த அழுத்தத்தை உயர்த்தி மாரடைப்புக்கு இட்டுச் செல்லக்கூடும் என்று எச்சரித்த அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், துணை உணவுகளில் அதைச் சேர்ப்பது சட்டவிரோதம் என்று அறிவித்தது. 2010 தில்லி காமன்வெல்த் போட்டிக்குச் சற்று முன்பு இந்திய வீரர்கள் பலர் ஊக்கமருந்துப் பரிசோதனையில் சிக்கியது இதே பொருளால்தான். காஃபீன் 2004இல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஆனால், பொடியில் அறிவிக்காமல் சேர்க்கப்படும் வேறு பொருளுக்கும் அதை அருந்திய வீரரே பொறுப்பாவார்.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

* டப்பாவில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் (எஃப்எஸ்எஸ்ஏஐ) 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

* ஒவ்வொரு பொருளின் அளவும் தனித்தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். மொத்தக் கலவையின் எடையை மட்டும் கூறும் பொடிகளைத் தவிர்ப்பது நல்லது.

* ஒரு வேளைக்கான காஃபீன் அளவைப் பார்த்து, அன்றைய காபி, தேநீர், எனர்ஜி டிரிங்க் ஆகியவற்றுடன் கூட்டிக் கணக்கிட வேண்டும்.

* முத்திரை உடைந்த டப்பா, தனித்தனிப் பொட்டலங்களாகப் பிரித்து விற்கப்படும் பொடி, ரசீது தராத விற்பனை ஆகியவற்றை ஏற்கக்கூடாது.

* முதல் முறை பயன்படுத்துவோர் பாதி அளவில் தொடங்க வேண்டும். தண்ணீரில் கலக்காமல் பொடியை அப்படியே வாயில் போட்டுக்கொள்வது ஆபத்தானது. மூச்சுக்குழாயில் பொடி சிக்கக்கூடும்; அதிக அளவு காஃபீன் ஒரே நேரத்தில் உடலில் சேரும்.

யார் தவிர்க்க வேண்டும்?

18 வயது நிறைவடையாதவர்கள், கருவுற்ற பெண்கள், பாலூட்டும் தாய்மார்கள், உயர் இரத்த அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு, தைராய்டு மிகை, பதற்ற நோய், தூக்கமின்மை ஆகியவை உள்ளவர்கள் இப்பொடிகளைத் தவிர்க்க வேண்டும். ஆஸ்துமா, மனச்சோர்வு போன்றவற்றுக்கு மருந்து உட்கொள்வோர் மருத்துவரைக் கேட்டே முடிவெடுக்க வேண்டும். பயிற்சியின்போது நெஞ்சு வலி, கட்டுக்கடங்காத படபடப்பு, மயக்கம் ஆகியவை தோன்றினால் பயிற்சியை உடனே நிறுத்தி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

போதிய அளவு உண்டும் எடை கூடாமல் இருப்பதும், காரணமின்றி எடை குறைவதும் நோயின் அறிகுறியாக இருக்கலாம். காசநோய், நீரிழிவு, தைராய்டு மிகை ஆகிய மூன்றும் உடலை மெலியச் செய்பவை. தைராய்டு மிகையாகச் சுரப்போருக்கு இதயம் ஏற்கெனவே வேகமாகத் துடித்துக்கொண்டிருக்கும். அந்நிலையில் காஃபீன் மிகுந்த பொடி ஆபத்தை மேலும் கூட்டும். உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியாவில் இருப்பதும், அந்நோய்க்கான பரிசோதனையும் சிகிச்சையும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைப்பதும் குறிப்பிடத்தக்கது. மெலிந்திருப்பதற்குக் காரணம் தெரியாதவர்கள் துணை உணவு வாங்குவதற்கு முன்பு இந்தப் பரிசோதனைகளைச் செய்துகொள்வது நல்லது.